எட்டு வயசு வாத்தியார்

ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். 'லீவ் வேகன்சி' என்ற வார்த்தைக்கு உடனே விளக்கம் சொல்வார்கள். ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். அல்லது காலை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிடுகிறார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் வகுப்பில் நிற்க ஓர் ஆள் தேவை. வேலை நிரந்தரமில்லை. சம்பளமும் அப்படி இப்படித்தான். அவர் வந்துவிட்டால் இவர் கிளம்பிவிட வேண்டியதுதான்.

அப்படி நிற்கிற ஆளுக்கு என்ன தகுதி வேண்டும்?

பி.எட். முடித்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். தகுதித் தேர்வும் பாஸ் செய்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். அதெல்லாம் காகிதத்தில் சார், நாலு வார்த்தை நல்ல இங்கிலீஷ் பேசி, வகுப்பைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பார் தனியார் பள்ளி நடத்துகிற மூன்றாமவர். மூன்றுமே சரித்திரத்தில் ஏற்கெனவே சொல்லிப் பார்க்கப்பட்ட பதில்கள். இந்தச் சண்டைக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் முக்கியமான முதல் காட்சி அரங்கேறிய இடம் லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. நம்ம எழும்பூர்.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர். 1753ல் பிறந்தவர். அப்பாவுக்கு முடி திருத்தும் தொழில். மகன் நன்றாகப் படித்தார். பல்கலைக்கழகம் வரை போனார். அப்புறம் கப்பலேறி அமெரிக்காவில் வர்ஜீனியா போய், பெரிய தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பி பாதிரியார் ஆனார். 1787ல் மறுபடியும் கப்பல். இந்த முறை இந்தியா. கல்கத்தா போய் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தலாம் என்று மின்சாரச் சோதனைக் கருவிகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர், வழியில் மெட்ராஸில் இறங்கினார். இறங்கியவர் ஒன்பது வருடம் இங்கேயே தங்கிவிட்டார். காரணம் எளிமையானது. ஒன்றுக்கு மேற்பட்ட ராணுவப் படைப்பிரிவுகளுக்கு அவரைப் பாதிரியாராகப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்பளம்.

மெட்ராஸில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு தலைவலி இருந்தது. கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே வந்து பெற்றுப்போட்ட பிள்ளைகள். பெரும்பாலானவர்களுக்கு அம்மா இந்தியப் பெண். அப்பா சண்டையில் செத்திருப்பார், இல்லாவிட்டால் காய்ச்சலில் போயிருப்பார். தெருவில் திரிந்த இந்தப் பையன்களுக்காக 1789ல் எழும்பூரில் ஓர் அநாதை இல்லம் திறந்தார்கள். மிலிட்டரி மேல் ஆர்ஃபன் அசைலம் என்று பெயர். இடம், எழும்பூர் சின்னக் கோட்டை. ஏறக்குறைய இன்றைக்கு ரயில் நிலையம் இருக்கிற வட்டாரம்.

இதன் பொறுப்பாளராக பெல்லைக் கூப்பிட்டார்கள். வந்தார். சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். (மற்ற இடங்களில் வந்துகொண்டிருந்ததே.)

வந்து பார்த்தால் பள்ளிக்கூடம் சரியில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துகளே மாதக்கணக்கில் ஏறவில்லை. உதவி ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு வேலையில் ஈடுபாடு இல்லை. இங்கே பெல் கவனித்து எழுதிவைத்த ஒரு விஷயம் முக்கியமானது. ஓர் ஆளைப் பிடித்து, கஷ்டப்பட்டுப் பழக்கி, உருப்படியான ஆசிரியர் ஆக்கினால், அந்தத் தகுதியை வைத்துக்கொண்டே அவர் வெளியே அதிகச் சம்பளத்துக்கு வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுகிறார்! இன்றைக்கு எந்தத் தனியார் பள்ளி நிர்வாகியிடம் பேசினாலும் இதே புலம்பல்தான் கேட்கும்.

ஒருநாள் காலை பெல் குதிரையில் உலாப் போனார். வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். 'மலபார் பள்ளி' என்று எழுதுகிறார். அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழர்கள் என்றாலே 'மலபார்'தான். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவதும் அழிப்பதும் நொடியில். பேப்பர் இல்லை, மை இல்லை, செலவே இல்லை.

பெல்லுக்குப் பொறி தட்டிவிட்டது. திரும்பி வந்தவுடன் கடைசி வகுப்புக்கு இப்படியே சொல்லிக்கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். ஆசிரியர்கள் அசையவில்லை. இது நடக்கிற காரியம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பெல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ம்ஹூம்.

வேலையை விட்டு நீக்கிவிட்டு வேறு ஆள் போடலாம். ஆனால் ஆளுக்கு எங்கே போவது? போட்டாலும் அவரும் இதே கதைதானே?

பெல் அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். மேல்வகுப்புப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டார். ஜான் ஃப்ரிஸ்கென். ஒரு சாதாரண சிப்பாயின் மகன். வயது எட்டு. 'இந்த வகுப்பை இனிமேல் நீ பார்த்துக்கொள்' என்று மணலையும் சின்னப் பிள்ளைகளையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டார்.

பையன் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பெரிய ஆசிரியர்கள் முடியவே முடியாது என்று சொன்னது, எட்டு வயதுப் பொடியன் கையில் நடந்துவிட்டது.

அவனுக்கு என்ன தகுதி? சர்டிபிகேட் கிடையாது. பயிற்சி கிடையாது. அந்த எழுத்துகளைச் சமீபத்தில்தான் அவனே கற்றிருந்தான். எங்கே தடுக்கும், எங்கே குழம்பும் என்பது ஞாபகத்தில் இருந்தது. முக்கியமாக, சொன்னதைச் செய்து பார்க்கத் தயாராக இருந்தான். அவ்வளவுதான்.

பெல் இதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பையன் வாத்தியார், அவனுக்கு உதவியாக இன்னும் சிலர் என்று பள்ளி முழுவதையும் மாற்றினார். ஃப்ரிஸ்கென் சில வருடங்களில் பல வகுப்புகளைக் கவனிக்கும் அளவுக்கு உயர்ந்தான். சம்பளம் வாங்குகிற பெரியவர்களின் வேலை, சும்மா மேற்பார்வை பார்ப்பது என்று ஆனது. வரவு செலவுக் கணக்கில் பார்த்தால், ஒரு பள்ளிக்கூடத்தின் மிகப் பெரிய செலவினமான ஆசிரியர் சம்பளத்தையே பெல் ஏறக்குறைய அழித்துவிட்டார்.

பிள்ளைகள் ஏனோதானோ என்று படித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வில்லியம் ஸ்மித் என்று ஒரு மாணவன். பதினேழு வயது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்போது பிணையாக ஒப்படைக்கப்பட்ட திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் 1794ல் திருப்பி அனுப்பப்பட்டார்கள் அல்லவா? அந்தக் குழுவோடு இவனும் போனான். பெல்லின் விஞ்ஞானக் கருவிகளை வைத்துக்கொண்டு திப்புவின் முன்னால் சோதனைகள் செய்து காட்டினான்!

அதே 1794ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் மெட்ராஸில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். நிலம் அளக்கக் கற்றுக்கொள்ள அவருக்குக் கிடைத்த பையன்கள் இந்த அநாதை இல்லத்துக்காரர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் ஆதி வேர் அந்தப் பள்ளிதான். 1791லேயே, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் உத்தியோகம் இல்லை என்று கம்பெனி கதவைச் சாத்தியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நிலம் அளக்கும் தொழிலாவது கிடைத்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வகுப்பில் மூத்த பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதா? அட, அது நம்ம சட்டாம்பிள்ளை ஆயிற்றே!

ஆமாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லோருக்கும் பாடம் எடுக்க மாட்டார். அவர் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளைதான் வாத்தியார். பெல் வருவதற்கு 160 வருடங்களுக்கு முன்னால், 1623ல், பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்தில் இக்கேரிப் பக்கம் ஒரு காட்சியைப் பார்த்து எழுதியிருக்கிறார். கோயில் மண்டபத்தில் சில சிறுவர்கள் மணலில் எழுதி, ராகம் போட்டுச் சொல்லிக் கணக்குப் படிக்கிறார்கள். வாத்தியார் இல்லை. தப்பு வந்தால் யார் திருத்துவார்கள் என்று கேட்கிறார். எல்லோருக்கும் ஒரே இடம் ஒரே நேரத்தில் மறக்காதே, ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்வோம் என்ற பொருளில் பதில் சொல்கிறார்கள் பையன்கள்.

ஆனால் பெல், திண்ணைப் பள்ளியிடமிருந்து மணலை மட்டும்தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். மாணவனே ஆசிரியர் என்பது தன்னுடைய கண்டுபிடிப்பு என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார். இங்கே இருந்த அதிகாரிகளே அதை முழுசாக ஏற்கவில்லை. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823ல் அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறையைப் பாராட்டி, அதை இங்கிலாந்து பின்பற்றியது நியாயம்தான் என்று எழுதினார்.

சரி, பெல்லிடம் வருவோம். உடம்பு சரியில்லாமல் 1796ல் கப்பல் ஏறினார். 1797ல் எழும்பூர் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாக லண்டனில் போட்டார். 1798ல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு தர்மப் பள்ளி இந்த முறையை ஏற்றது. பெயரே 'மெட்ராஸ் சிஸ்டம்'.

அதே 1798ல், அதே லண்டனில், ஜோசப் லங்காஸ்டர் என்ற இருபது வயது இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். க்வேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். கூட்டம் குவிந்தது. உதவி ஆசிரியர் போடக் காசில்லை. அவரும் பையன்களையே வாத்தியார் ஆக்கினார். ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியும் என்று ஊர் ஊராக முழங்கினார். அடிக்க மாட்டார். ஆனால் குறும்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் ஏற்றித் தொங்கவிடுவார்.

யார் முதலில் கண்டுபிடித்தது? இங்கிலாந்தே இரண்டு கட்சி ஆனது. ஆங்கிலிகன் சபை பெல் பக்கம். மற்றவர்கள் லங்காஸ்டர் பக்கம். கவிஞர்கள் கோல்ரிட்ஜ், சதே போன்றவர்கள் பெல்லுக்காக வரிந்து கட்டினார்கள். 1811ல் பெல் ஆதரவாளர்கள் நேஷனல் சொசைட்டி தொடங்கினார்கள். எதிர் அணிக்கும் ஒரு சொசைட்டி உண்டு. இரண்டும் தனியார் அமைப்புகள்தான். அரசாங்கம் பள்ளிக்கூடம் நடத்தாத காலம் அது. 1833ல் பிரிட்டிஷ் அரசு முதல் முறையாகக் கல்விக்கு 20,000 பவுண்டு ஒதுக்கியபோதும், பள்ளிக் கட்டடம் கட்ட இந்த இரண்டு சொசைட்டிகளிடம்தான் கொடுத்தது.

அதற்குள் முறை உலகம் சுற்றிவிட்டது. 1806லேயே நியூயார்க் போய்விட்டது. 1824ல் லங்காஸ்டரே சைமன் பொலிவரின் ஆதரவில் கராகஸ் போனார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஏன்? எழும்பூர்ப் பையன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தான் என்பதற்காகவா?

இல்லை. மலிவு என்பதற்காக.

இதுதான் விஷயம். எழும்பூரில் பெல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். பையனைத் தேர்ந்தெடுத்தார், பழக்கினார், சோதித்தார். அந்தப் பக்குவத்தைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. போய்ச் சேர்ந்தது 'வாத்தியார் இல்லாமலே பள்ளி நடத்தலாம்' என்கிற கணக்கு மட்டும்தான். பெரிய ஹாலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். பாதி புரிந்த பையன், ஒன்றுமே புரியாத பையனுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தான். எழுத்து வந்தது. படிப்பு வரவில்லை.

ஒருவழியாக இங்கிலாந்து விழித்துக்கொண்டது. கே ஷட்டில்வொர்த் என்ற டாக்டர். கல்வி நிர்வாகத்துக்கு வந்தவர், 1840ல் லண்டன் பேட்டர்சியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 1846ல் புது விதி. பதிமூன்று வயது நிரம்பியவர்தான் மாணவ ஆசிரியர் ஆகலாம். ஐந்து வருடம் பயிற்சி. வருடா வருடம் பரீட்சை. முதல் வருடம் 10 பவுண்டு, ஐந்தாம் வருடம் 20 பவுண்டு சம்பளம். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவர். எட்டு வயது வாத்தியார் காலம் முடிந்தது. சர்டிபிகேட் காலம் ஆரம்பமானது.

அதிலும் பிரச்னை வந்தது. 1854ல் வெளிவந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் சார்லஸ் டிக்கன்ஸ், பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரே அச்சில் வெளியே வரும் ஆசிரியரைக் கிண்டலடித்துத் தள்ளினார். சர்டிபிகேட் இல்லாத வாத்தியாரும் சரிப்படவில்லை. சர்டிபிகேட் உள்ள வாத்தியாரும் கேலிக்கு ஆளானார். 1862ல் அரசு இன்னொரு வழி கண்டுபிடித்தது. பிள்ளைகள் பரீட்சையில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம். மறுபடியும் மனப்பாடம், மறுபடியும் ஒப்பித்தல்.

மெட்ராஸில் என்ன நடந்தது? கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள். 1,88,650 மாணவர்கள். 1826ல் அவர் எழுதிய குறிப்பில் நோயை நேராகத் தொட்டார். ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லை. இதற்கு நல்ல ஆள் எப்படி வருவார்? ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், தாலுகா ஆசிரியருக்கு 9 ரூபாய் சம்பளம் கொடுக்கலாம் என்றார். மெட்ராஸில் ஆசிரியர்களைப் பழக்கவும் பணம் கேட்டார். மறு வருடமே காலராவில் இறந்துபோனார். அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1856ல்தான் இங்கே வந்தது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று பிறகு பெயரெடுத்தது அதுதான்.

மன்றோ போட்ட கணக்கை மறக்காமல் இன்றைய காலத்துக்கு வாருங்கள்.

2009ல் கல்வி உரிமைச் சட்டம். அதன் 23ம் பிரிவு, ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி கட்டாயம் என்றது. நிரந்தரம், தற்காலிகம் என்று அந்தப் பிரிவு பிரித்துப் பேசவில்லை. 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விவரத்தை அறிவித்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் ப்ளஸ் டூவும் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியும். ஆறு முதல் எட்டு என்றால் பட்டமும் பி.எட். போன்ற பயிற்சியும். இரண்டுக்குமே மேற்கொண்டு தகுதித் தேர்வு. 150 கேள்வி, 60 சதவிகிதம் தேவை. தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் ஒரு சதவிகிதம்கூட இல்லை. அத்தனை பேரும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் அல்லது படித்துக்கொண்டிருந்தவர்கள். ஊரே அதிர்ந்தது. அதே வருடம் அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள்.

2022ல் இன்னொரு காட்சி. அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. மாதச் சம்பளம் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 ரூபாய். இதற்கு எதிராக வழக்குப் போனது. அங்கே எழுந்த முக்கியமான கேள்வி, தகுதித் தேர்வு தேறியவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை எப்படிப் போடலாம் என்பதுதான்.

2025 செப்டம்பர் 1ம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் தகுதித் தேர்வு தேற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்தாக வேண்டும். ஐந்துக்குள் இருப்பவர்கள் தேர்வு இல்லாமல் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது. இருபது வருடமாகப் பாடம் நடத்தியவர், தன் பழைய மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே பரீட்சையை எழுத வேண்டிய நிலைமை.

தப்பா? தப்பில்லை. வகுப்பில் நிற்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு குழந்தையின் பெற்றோர் எதிர்பார்ப்பது நியாயம்தானே. வாத்தியார் மூன்று மாதத்துக்கு வந்தவர் என்பதால் குழந்தையின் அந்த மூன்று மாதம் மலிவாகிவிடாது. ஆனால் எழும்பூரில் வேலையைச் செய்ய மறுத்தவர்கள் யார்? முறைப்படி நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள். செய்து முடித்தவன் யார்? மணலோடு உட்கார்ந்த பையன். ஆக, தகுதி இல்லாமல் முடியாது. தகுதி மட்டும் இருந்தாலும் முடியாது. மனசும் வேண்டும். இரண்டும் உள்ள ஆள் வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. பெல் அதைத்தான் புலம்பினார், தகுதி வந்தவுடன் ஓடிவிடுகிறார்களே என்று. மன்றோ அதைத்தான் 9 ரூபாய், 15 ரூபாய் என்று எண்ணிக் காட்டினார்.

பெல்லின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1832ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். போட்டியாளர் லங்காஸ்டர் 1838ல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி ஏறிச் செத்துப்போனார். பெல் தன் சொத்தில் 1,20,000 பவுண்டைக் கல்விக்கென்று விட்டுப் போயிருந்தார். சொந்த ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி அந்தப் பணத்தில் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. நம்ம ஊர் 1996ல் சென்னை ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தில் மெட்ராஸ் இன்னும் மெட்ராஸ்தான்.

அந்த நிதியிலிருந்தே 1876ல் இன்னொரு காரியமும் நடந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலும் கல்வியியலுக்கென்று தனியாகப் பேராசிரியர் பதவிகள் உருவாக்கினார்கள். பிரிட்டனிலேயே அவைதான் முதல். ஆசிரியர் ஆக விரும்புகிறவர்களுக்கு, எப்படிப் பாடம் நடத்துவது என்று பாடம் நடத்துகிற பதவி!

எட்டு வயதுப் பையனே போதும் என்று உலகத்துக்குச் சொன்னவரின் காசு, கடைசியில் வாத்தியார்களைப் படிக்கவைக்கத்தான் செலவானது.